ஒரே மைக், இரண்டு மிக்சர்: மேடைச் சத்தத்தையும் பதிவையும் பிரித்தெடுப்பது எப்படி?

மேடை நிகழ்ச்சி ஒன்றை முதன்முதலாகப் பதிவு செய்யப் போனபோது, கோரஸ் மைக்குகள் மூன்றையும் ஒரே பட்டனில் சாகடித்தேன். இடைவேளைதானே என்று என் பதிவு மிக்சரில் ஃபேன்டம் பவரை (மைக் கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம்) அணைத்தேன். அந்த மைக்குகளுக்கு மின்சாரமே என் பக்கத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஸ்பீக்கரில் 'டொம்' என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. இடைவேளையும் இல்லை, இரண்டு பாட்டுக்கு நடுவில் சின்ன நிறுத்தம், அவ்வளவுதான். மேடை மிக்சரில் உட்கார்ந்திருந்தவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வை உங்களுக்கும் கிடைக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கீழே வரும் படிகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கணக்குதான் இருக்கிறது: பதிவுப் பக்கம் எது கெட்டாலும், எது அணைந்தாலும், யார் கால் இடறி எந்தக் கேபிளைப் பிடுங்கினாலும், மேடைச் சத்தம் நிற்கக் கூடாது. பதிவு போனால் உங்களுக்கு நஷ்டம். மேடை போனால் எல்லோருக்கும் நஷ்டம்.

1. மைக்கை இரண்டு மிக்சருக்கும் பிரிக்கத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

மேடை மிக்சரின் ஸ்டீரியோ அவுட்டிலிருந்து இரண்டு கேபிள் எடுத்து ரெக்கார்டரில் செருகினால் போதாதா? ஒருவர் பேசுகிறார், ஒன்றிரண்டு மைக்தான் என்றால் தாராளமாகப் போதும். மேலே படிக்காமல் அதையே செய்யுங்கள்.

பாட்டுக் கச்சேரி என்றால் போதாது. மேடை மிக்சரில் இருப்பவர் அறைக்காக மிக்ஸ் செய்கிறார், பதிவுக்காக அல்ல. டிரம்ஸ் சத்தம் அறையிலேயே நேராகக் கேட்கிறது என்றால் அதன் ஃபேடரை (சத்த அளவை ஏற்றி இறக்கும் நகர்த்தி) அவர் கீழேயே வைத்திருப்பார், அதுதான் சரியும்கூட. அந்த ஸ்டீரியோவை வீட்டில் போட்டுக் கேட்டால் குரல் மட்டும் முகத்தில் அறையும், டிரம்ஸ் எங்கோ பக்கத்துத் தெருவில் அடிக்கும். அப்புறம் எதைத் தொட்டாலும் சரிவராது. ஒவ்வொரு மைக்கும் தனித் தனி டிராக்காக வேண்டும் என்றால் பிரிப்புதான் வழி.

2. நான்கு வழிகளில் உங்களுக்கு எது என்று முடிவெடுங்கள்

முதல் வழி, ஒய் கேபிள். ஒரு எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிளின் மூன்று முள் இணைப்பு) உள்ளே, இரண்டு வெளியே, நடுவில் வெறும் கம்பிதான். பலர் பயமுறுத்தும் அளவுக்குச் சத்தம் குறைந்துவிடாது. 150 ஓம் மைக் ஒன்று 2,000 ஓம் இன்புட் ஒன்றுக்குப் போகும் இடத்தில் அதே மாதிரி இரண்டுக்குப் போனால், குறைவது ஏறக்குறைய 0.6 டெசிபெல்தான். காதுக்குத் தெரியாது. சில டைனமிக் மைக்குகளில் (ஃபேன்டம் தேவைப்படாத வகை) குரலின் நிறம் கொஞ்சம் மாறலாம். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு மிக்சரின் தரைக் கம்பியும் இந்தக் கேபிளில் ஒன்றாகச் சேர்ந்துவிடுவதால் ஹம் (அடியில் தொடரும் 'ம்ம்ம்' என்ற மின்சாரச் சத்தம்) வர வாசல் திறந்துவிடுகிறது. ஃபேன்டமும் இரண்டு பக்கமும் கலந்து பாயும். ஒன்றிரண்டு டைனமிக் மைக், இரண்டு மிக்சரும் ஒரே மேசையில், ஒரே பிளக் பாயின்ட்டில் இருக்கிறது என்றால் ஒய் கேபிளே போதும். ஒரு எச்சரிக்கை: ஒய் கேபிள் பிரிக்க மட்டும்தான். இரண்டு மைக்கை ஒரே சேனலில் சேர்ப்பதற்கு அதைத் தலைகீழாகச் செருகாதீர்கள்.

இரண்டாவது வழி, டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பாசிவ் ஸ்ப்ளிட்டர். பெரும்பாலான மேடைகளுக்கு என் சிபாரிசு இதுதான். இதில் ஒரு வெளியீட்டில் 'டைரக்ட்' என்று எழுதியிருக்கும். அது மைக்கிலிருந்து நேராக வரும் கம்பி. மற்றொன்றில் 'ஐசொலேட்டட்' என்று இருக்கும். அது டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி வருவது. நேர்மின்னோட்டம் டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டாது. எனவே ஐசொலேட்டட் பக்கத்திலிருந்து ஃபேன்டம் மைக்குக்குப் போகவே போகாது, டைரக்ட் பக்கத்திலிருந்து மட்டும்தான் போகும். தரைக் கம்பியையும் அந்தப் பக்கம் ஒரு ஸ்விட்சால் துண்டிக்கலாம். இதற்குத் தனி மின்சாரமும் வேண்டாம்.

எந்த மிக்சருக்கு டைரக்ட்? மேடைக்கு. எப்போதும் மேடைக்குத்தான். மேலே நான் சொன்ன கதையில் டைரக்ட் என்னிடம் இருந்தது. கேபிள் எட்டியது, அதனால் செருகினேன். வேறு காரணமே இல்லை.

இதில் ஒரு தப்பு நம்பிக்கை உலவுகிறது. ஐசொலேட்டட் பக்கம் என்ன ஆனாலும் மேடைக்கு ஒன்றும் ஆகாது என்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர் பிரிப்பது தரையையும் நேர்மின்னோட்டத்தையும்தான். சத்தம் அதன் வழியாகப் போய்த்தானே ஆக வேண்டும்? பதிவுப் பக்கக் கேபிளில் பின்-2-ம் பின்-3-ம் (எக்ஸ்எல்ஆரில் சத்தம் போகும் இரண்டு முள்கள்) உள்ளே ஒட்டிக்கொண்டால், அந்த ஷார்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவே இந்தப் பக்கம் தெரியும்; மேடையிலும் அந்த மைக் கிணற்றுக்குள் போய்விடும். ஆகவே பதிவுப் பக்கக் கேபிள்கள் ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சோதித்து வையுங்கள். கேபிள் டெஸ்டர் இல்லாவிட்டால் ஒரு மல்டிமீட்டர் போதும்.

மலிவான ஸ்ப்ளிட்டர்களில் டிரான்ஸ்ஃபார்மர் சின்னதாக இருக்கும். அடித்தொனி பலமாக வந்தால் அது திணறி, சத்தம் உடையும். வாங்கும் முன்போ வாடகைக்கு எடுக்கும் முன்போ கிக் டிரம் மைக்கைச் செருகிக் கேட்டுப் பாருங்கள். குரலை வைத்துச் சோதித்தால் இந்தக் குறை தெரியாது.

மூன்றாவது, ஆக்டிவ் ஸ்ப்ளிட்டர். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனி மின்சுற்று இருப்பதால் ஒரு பக்கத்து ஷார்ட் இன்னொரு பக்கம் போகாது. மேடை, மானிட்டர், பதிவு, ஒளிபரப்பு என்று நாலைந்து பேருக்குப் பிரிக்க வேண்டிய பெரிய நிகழ்ச்சிகளுக்கு இதுதான். ஆனால் அந்தப் பெட்டிக்கு மின்சாரம் போனால் எல்லோருக்கும் ஒன்றாகப் போகும். முதல் நிகழ்ச்சிக்கு இது வேண்டாம்.

நான்காவது, பிரிக்காமல் பிரிப்பது. மேடையில் இருப்பது டிஜிட்டல் மிக்சர் என்றால் உங்களுக்குத் தனி ஸ்ப்ளிட்டரே தேவைப்படாமல் போகலாம். பெரிங்கர் எக்ஸ்32-இல் அதனுடன் வரும் கார்டின் யுஎஸ்பி வழியாகவே 32 சேனல்களைக் கணினிக்கு எடுக்கலாம், எக்ஸ்ஆர்18-இல் 18. செலவு ஒரு யுஎஸ்பி கேபிள்தான். இதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதைக் கெயின் (மைக் சிக்னலை முதலில் பெருக்கும் அளவு) பற்றிய 8-ஆம் படியில் சொல்கிறேன். கார்டு எந்த இடத்திலிருந்து சிக்னலை எடுக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஈக்யூ (தொனியைத் திருத்துவது), கம்ப்ரஸர் (சத்த ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது), ஃபேடர் எல்லாவற்றுக்கும் முன்னால் எடுக்க வேண்டும். பின்னால் எடுத்தால் அறைக்காக வெட்டப்பட்ட சத்தம்தான் உங்களுக்குக் கிடைக்கும்.

பழைய அனலாக் மிக்சர் மட்டும்தான் இருக்கிறதா? டைரக்ட் அவுட் துளைகள் (ஒவ்வொரு சேனலையும் தனியாக வெளியே தருபவை) இருக்கின்றனவா என்று பின்னால் பாருங்கள். இருந்தால் அவை ஃபேடருக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். பின் என்றால் அவர் ஃபேடரை இறக்கும்போதெல்லாம் உங்கள் டிராக்கும் இறங்கும். டைரக்ட் அவுட் இல்லாவிட்டால் இன்சர்ட் துளை (சேனலின் சிக்னலை வெளியே அனுப்பித் திரும்ப வாங்கும் ஒற்றைத் துளை) இருக்கும். பெரும்பாலான மிக்சர்களில் அதன் டிப் (பிளக்கின் நுனி தொடும் இடம்) வெளியே அனுப்பும், ரிங் (நுனிக்கு அடுத்த வளையம் தொடும் இடம்) உள்ளே வாங்கும். அதில் சாதாரண மோனோ பிளக்கை முதல் 'கிளிக்' வரை மட்டும் செருகினால் சிக்னல் அறுபடாமல் வெளியேயும் வரும். பலர் இப்படித்தான் செய்கிறார்கள். நானும் செய்தேன், டிரம்ஸ் அதிர்வில் ஒரு பிளக் தானாகவே உள்ளே நழுவி, அந்தச் சேனல் மேடையில் அறுந்தது. ஸ்டீரியோ பிளக் ஒன்றை எடுத்து அதன் டிப்பையும் ரிங்கையும் உள்ளே சேர்த்துப் பற்றவைத்த கேபிளைச் செய்துகொள்ளுங்கள். அதை முழுசாகச் செருகலாம், அறுபடாது, நழுவாது. பத்து நிமிட வேலை.

3. காகிதங்களைத் தயார் செய்யுங்கள்

ஆர்வம் மிகுதியில் இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறோம். மூன்று தாள் போதும்.

முதலாவது இன்புட் லிஸ்ட். ஒரு வரிக்கு ஒரு மைக். சேனல் எண், எதற்கான மைக், எந்த வகை (டைனமிக்கா, மின்சாரம் தேவைப்படும் கண்டன்சரா), ஃபேன்டம் வேண்டுமா, ஃபேன்டம் யார் தருகிறார், பதிவில் எந்த டிராக். என் லிஸ்ட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: '7, கோரஸ் இடது, கண்டன்சர், ஃபேன்டம் உண்டு, மேடை தரும், டிராக் 7'. இரண்டு மிக்சரிலும் ஒரே எண் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மேடையில் 7, பதிவில் 11 என்று வைத்துவிட்டால் நடு நிகழ்ச்சியில் 'ஏழாவது மைக் கரகரக்கிறது' என்று யாராவது சொல்லும்போது நீங்கள் தப்பான கேபிளைப் பிடித்திருப்பீர்கள்.

இரண்டாவது, மேடைப் படம். யார் எங்கே நிற்கிறார், ஸ்ப்ளிட்டர் பெட்டி எங்கே, உங்கள் மேசை எங்கே, கேபிள் எந்த வழியாக ஓடுகிறது. கையால் வரைந்தால் போதும்.

மூன்றாவது, அனுமதி. நிகழ்த்துபவர்களிடமும் ஏற்பாட்டாளரிடமும் ஒரு பக்கக் கடிதம்: எதைப் பதிவு செய்கிறீர்கள், எங்கே பயன்படும், ஒலிக் கோப்பு யாரிடம் இருக்கும், யாருக்குப் பிரதி தருவீர்கள். அடுத்தவர் இயற்றிய பாடல் என்றால், பதிவை வெளியிடுவதற்கு உரிமையாளரின் அனுமதி தனியாக வேண்டும். மேடையில் பாட அனுமதி இருப்பதும் பதிவை வெளியிட அனுமதி இருப்பதும் வேறு வேறு. நிகழ்ச்சி முடிந்த பிறகு இந்தக் கையெழுத்துகளை வாங்க அலைவது போல ஒரு வேதனை கிடையாது. எல்லோரும் கலைந்துபோயிருப்பார்கள்.

இவற்றோடு, மேடை சவுண்டு பார்ப்பவரிடம் ஒரு வாரம் முன்பே பேசிவிடுங்கள். நீங்கள் ஸ்ப்ளிட்டர் கொண்டுவருவது அவருக்கு அன்று மாலைதான் தெரிந்தால் அவர் மறுப்பதில் தப்பே இல்லை. அவருடைய சிக்னல் பாதைக்குள் முன்பின் தெரியாத பெட்டி ஒன்றை நுழைக்கிறீர்கள், யோசித்துப் பாருங்கள். இன்புட் லிஸ்ட்டை முன்கூட்டியே அனுப்பினால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

4. செலவு எங்கே ஒளிந்திருக்கிறது

ஸ்ப்ளிட்டர் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு சேனலுக்கும் கூடுதலாக ஒரு கேபிள் வேண்டும். 16 சேனல் என்றால் மைக்கிலிருந்து ஸ்ப்ளிட்டருக்கு 16, அங்கிருந்து மேடைக்கு 16, உங்களுக்கு 16. என் முதல் கணக்கில் கடைசி 16 விட்டுப்போயிருந்தது. அதற்கு மேல் நாலு உதிரிக் கேபிள்.

தரம் வித்தியாசப்படுவது டிரான்ஸ்ஃபார்மரில்தான். நல்ல டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பெட்டி ஒரு சேனலுக்கே நல்ல தொகை பிடிக்கும். வருடத்துக்கு மூன்று நாலு நிகழ்ச்சிதான் என்றால் எட்டு அல்லது பதினாறு சேனல் ரேக் ஸ்ப்ளிட்டரை வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். வாடகை எடுக்கும்போது முதல்நாளே வாங்கி, எல்லாச் சேனலையும் சோதித்து, செத்த சேனலை எழுதிவைத்துவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது வாக்குவாதம் மிச்சம்.

எல்லா மைக்கையும் பிரிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கம்பியில்லா மைக்குகளின் ரிசீவரைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் ஒரு எக்ஸ்எல்ஆரும் ஒரு ஜாக்கும் இருக்கும், இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். எக்ஸ்எல்ஆர் மேடைக்கு, ஜாக் உங்களுக்கு. பிரிப்பு இலவசம். உங்கள் பக்கத்தில் அந்தச் சேனலில் ஃபேன்டம் அணைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. நேரத்தை எப்படி ஒதுக்குவது

சவுண்ட் செக் ஆரம்பிக்கும்போது நீங்கள் செருகிக்கொண்டிருக்கக் கூடாது. அதற்குள் முடித்திருக்க வேண்டும். 16 சேனலை இரண்டு பேர் செருகி, ஒவ்வொன்றாகச் சோதிக்க என் அனுபவத்தில் ஒரு மணி நேரம் ஆகிறது. தனியாளாகச் செய்தால் ஒன்றரை. மேடைக்காரர்கள் வந்து கேபிள் போடத் தொடங்கும் நேரத்தைக் கேட்டு, அதே நேரத்துக்குப் போய்விடுங்கள். அவர்கள் எல்லாவற்றையும் செருகி டேப் ஒட்டி முடித்த பிறகு நீங்கள் போய் 'எல்லாவற்றையும் கழற்றி என் பெட்டி வழியாகப் போடலாமா' என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

6. இந்த வரிசையில் இணையுங்கள்

மேடை மிக்சரில் எல்லாச் சேனலும் மியூட், ஃபேன்டம் எல்லாம் ஆஃப். இதை அவரிடம் கேட்டு, அவர் வாயால் 'ஆச்சு' என்று சொன்ன பிறகுதான் ஸ்ப்ளிட்டரைத் தொட வேண்டும்.

முதலில் மைக்கிலிருந்து ஸ்ப்ளிட்டர். அடுத்து டைரக்ட் வெளியீட்டிலிருந்து மேடை ஸ்டேஜ் பாக்ஸ் (மேடை மிக்சருக்குப் போகும் கேபிள்கள் சேரும் பெட்டி). இதோடு நிறுத்துங்கள். இப்போது மேடைக்காரர் தன் பக்கத்தை முழுசாகச் சோதிக்கட்டும். ஒவ்வொரு மைக்காகத் தட்டிப் பார்த்து, எல்லாம் வருகிறது என்று அவர் சொன்ன பிறகு உங்கள் ஐசொலேட்டட் பக்கத்தைச் செருகுங்கள். இப்படிச் செய்வதில் ஒரு லாபம் இருக்கிறது. ஹம் வந்தால் அது உங்கள் கேபிளால் வந்ததா, முன்பே இருந்ததா என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கும்.

டேப்பும் மார்க்கரும் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் எண். ஒரு முனையில் மட்டும் எழுதினால் இருட்டில் அது எப்போதும் மறுமுனையாகத்தான் இருக்கும்.

7. ஃபேன்டமும் ஹம்மும்

மைக்குக்கு ஃபேன்டம் போவது மேடையிலிருந்து மட்டும். உங்கள் மிக்சரில் எல்லாச் சேனலிலும் ஆஃப். சில இன்டர்ஃபேஸ்களில் (மைக்குகளைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) எட்டு சேனலுக்கும் சேர்த்து ஒரே பட்டன்தான் இருக்கும். அதன் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். நான் இப்போதும் ஒட்டுகிறேன்.

ஃபேன்டம் என்பது 48 வோல்ட், பின்-2 பின்-3 இரண்டிலும் ஒரே மாதிரி 6,800 ஓம் ரெசிஸ்டர் வழியாகப் போவது. இரண்டும் சமமாக இருக்கும்வரை டைனமிக் மைக்குக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் அறுந்த கேபிளோ, பாதி செருகிய ஜாக்கோ இருந்தால் அந்தச் சமநிலை போய்விடும். பழைய ரிப்பன் மைக் மேடையில் இருந்தால் அது அப்போது பாழாகலாம். ரிப்பன் மைக் இருக்கிறதா என்று இன்புட் லிஸ்ட் எழுதும்போதே கேளுங்கள். ஃபேன்டமில் ஓடும் டிஐ பாக்ஸ்களையும் (கிட்டார், கீபோர்டு போன்றவற்றை மைக் இன்புட்டில் இணைக்கும் பெட்டி) கண்டன்சர் மைக்குகளைப் போலவே கணக்கில் எடுங்கள். ஃபேன்டம் போட்டதும் பத்து நொடி பொறுத்து மியூட்டை எடுக்கச் சொல்லுங்கள், 'டொம்' வராது.

இனி ஹம். அடியில் தொடர்ந்து 'ம்ம்ம்' என்று கேட்டால் மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் உள்ளே வந்திருக்கிறது. இரண்டு மிக்சரும் இரண்டு வேறு பிளக் பாயின்ட்டிலிருந்து மின்சாரம் எடுத்து, தரைக் கம்பி மைக் கேபிள் வழியாகவும் சேரும்போது இது வரும். முதலில், உங்கள் மேசைக்கு மின்சாரத்தை மேடை மிக்சர் எடுக்கும் அதே இடத்திலிருந்து எடுங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே போய்விடும். மிச்சத்துக்கு ஸ்ப்ளிட்டரின் ஐசொலேட்டட் பக்கம் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டுங்கள். ஒவ்வொரு சேனலாகத் தட்டிக் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தட்டினால் எது குற்றவாளி என்று தெரியாது. லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் சத்தம் நின்றால் குற்றவாளி சார்ஜர்தான்.

மிக்சரின் மின்சாரப் பிளக்கில் உள்ள எர்த் முள்ளை ஒடிக்கவோ டேப் சுற்றவோ யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஹம் நிற்கும். உள்ளே ஒரு கம்பி கழன்றால், மைக்கைப் பிடித்திருப்பவர் உதட்டில் மின்சாரம் பாயும். ஹம்மோடு பதிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போவது எவ்வளவோ மேல்.

8. கெயின்: இடத்தை விட்டு வையுங்கள்

ஸ்ப்ளிட்டர் வழியாகப் பிரித்தால் உங்கள் கெயின் உங்களுடையது. அவர் என்ன திருகினாலும் உங்களுக்கு மாறாது. யுஎஸ்பி வழியாக எடுத்தால் ப்ரீஆம்ப் (மைக் சிக்னலைப் பெருக்கும் முதல் மின்சுற்று) ஒன்றுதான், இருவருக்கும் பொது. முதல் பாட்டில் குரல் அதிகம் என்று அவர் கெயினை 6 டெசிபெல் இறக்கினால் உங்கள் டிராக்கிலும் நடுவரியில் 6 டெசிபெல் இறங்கும். எனக்கு ஒரு முழுப் பதிவில் இப்படி ஒன்பது இடங்கள் இருந்தன. எல்லாவற்றையும் கையால் சமன் செய்ய ஒரு நாள் முழுக்கப் போனது. சவுண்ட் செக் முடிந்ததும் 'இனிமேல் கெயினைத் தொடாமல் ஃபேடரிலோ டிஜிட்டல் டிரிம்மிலோ பார்த்துக்கொள்கிறீர்களா' என்று கேட்டுப் பாருங்கள். கேட்கலாம், கட்டளையிட முடியாது. ஃபீட்பேக் வந்தால் அவர் கெயினைத் தொடத்தான் செய்வார்.

அளவு எவ்வளவு? சவுண்ட் செக்கில் உச்சம் மைனஸ் 18 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டல் பதிவின் அளவுகோல்; 0 தான் உச்ச வரம்பு) அருகில் இருக்கட்டும். கொஞ்சம் சின்னதாகத் தெரியும், பயப்படாதீர்கள். 24 பிட் பதிவில் பின்னால் தூக்கிக்கொள்ளலாம். உடைந்ததை ஒட்ட முடியாது. சவுண்ட் செக்கில் பாதித் தூக்கத்தில் பாடியவர் கூட்டத்தைப் பார்த்ததும் வேறு ஆளாகிவிடுவார். 32 பிட் ஃப்ளோட் (உச்ச வரம்பைத் தாண்டினாலும் உடையாமல் சேமிக்கும் வடிவம்) இருக்கிறதே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். ப்ரீஆம்ப்பிலேயே உடைந்த சத்தத்தை எந்தக் கோப்பு வடிவமும் மீட்காது.

9. கூட்டத்துக்கு இரண்டு மைக்

இவை மேடைக்குப் போகாது, ஸ்ப்ளிட்டர் வேண்டாம், நேராக உங்களுக்கு மட்டும். மேடை மைக்குகளை மட்டும் வைத்து மிக்ஸ் செய்தால் ஆளில்லாத அறையில் பாடியது போல இருக்கும். கைதட்டல் எங்கோ சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். மேடையின் இரண்டு ஓரத்திலும் கூட்டத்தைப் பார்த்தபடி பக்கத்துக்கு ஒன்று வையுங்கள். அரங்கின் பின்னால் வைத்தால் சத்தம் தாமதமாக வரும்: நொடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகம் என்பதால் 20 மீட்டருக்கு 58 மில்லிநொடி. மிக்ஸ் செய்யும்போது அந்த டிராக்கை அவ்வளவு முன்னால் நகர்த்திக்கொள்ளுங்கள். கண்டன்சர் என்றால் இந்த இரண்டுக்கு மட்டும் உங்கள் பக்கத்திலிருந்து ஃபேன்டம் வேண்டும். எல்லாச் சேனலுக்கும் ஒரே பட்டன் உள்ள இன்டர்ஃபேஸ் என்றால் இவற்றைத் தனி ரெக்கார்டரில் போட்டுவிடுவது நிம்மதி.

10. கணினியும் கோப்பும்

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு டிராக் மணிக்கு ஏறக்குறைய 520 எம்பி. 16 டிராக் மூன்று மணி நேரம் ஓடினால் 25 ஜிபி. அதைப் போல இரண்டு மடங்கு காலியிடம் வையுங்கள். சாதாரண வேவ் கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. டிராக்குக்கு ஒரு கோப்பு என்றால் பிரச்சினை இல்லை. எல்லா டிராக்கையும் ஒரே கோப்பில் அடைக்கும் கருவி என்றால் அது தானாகத் துண்டு போடுகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள்.

வைஃபை ஆஃப், அப்டேட் ஆஃப், ஸ்லீப் ஆஃப். விண்டோஸ் என்றால் மிக்சரின் ஆசியோ டிரைவரை (பல டிராக்குகளைக் கணினிக்குள் கொண்டுவரும் மென்பொருள்) முன்னதாகவே போட்டு, அதே கேபிளோடு இரண்டு மணி நேரம் தொடர்ந்து பதிவு செய்து பாருங்கள். யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டருக்கு மேல் கூடாது. எனவே யுஎஸ்பி வழியாக எடுத்தால் உங்கள் லேப்டாப் மேடை மிக்சருக்குப் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். அந்த இடத்தையும் முன்பே கேட்டு வையுங்கள்.

11. நிகழ்ச்சி ஓடும்போதும் முடிந்த பிறகும்

தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே ரெக்கார்டை அழுத்திவிடுங்கள், இடைவேளையில் நிறுத்தாதீர்கள். அப்புறம் கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்ஃபோனில் ஒவ்வொரு டிராக்காகச் சோலோ போட்டுக் கேட்டு, கரகரப்பு வந்த நேரத்தைத் தாளில் குறியுங்கள். ஒரு சேனல் உங்களுக்கு வரவில்லை என்றாலும் நடு நிகழ்ச்சியில் ஸ்ப்ளிட்டரைத் தொட வேண்டாம். கேபிளின் உங்கள் முனையை மட்டும் பாருங்கள். அதிலும் தீரவில்லை என்றால் அந்த டிராக் போனது, போகட்டும்.

முடிந்ததும் கழற்ற ஓடாதீர்கள். மேடைக்காரர் மியூட் போட்டு, ஃபேன்டம் அணைத்து, ஆம்ப்ளிஃபையரையும் அணைத்த பிறகு உங்கள் பக்கக் கேபிள்களை முதலில் எடுங்கள், ஸ்ப்ளிட்டரைக் கடைசியில். அதற்காகக் காத்திருக்கும் நேரத்தில் கோப்புகளை இரண்டாவது டிஸ்க்கில் பிரதி எடுத்து, நடுவிலிருந்து ஒன்றிரண்டு இடம் திறந்து கேட்டுப் பாருங்கள். இரண்டு டிஸ்க்கும் ஒரே பையில் வேண்டாம்; ஒன்று பையில், ஒன்று சட்டைப் பையில்.